போன் வராத நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஸ்பெயினில் சாந்தியாகோ யாத்திரைப் பாதையை நடக்கக் கிளம்புகிறேன். பிரான்சின் சான்-ழான்-பியே-த-போரிலிருந்து சுமார் 780 கி.மீ., 35 நாள், தனியாக. அப்பாவுக்கு 81 வயது, அம்மாவுக்கு 76. கும்பகோணத்தில் இருவர் மட்டும்தான். பயந்துவிடுவார்கள் என்பதால் ஆபீஸ் வேலையாக மாட்ரிட் போவதாகச் சொல்லியிருக்கிறேன். தினமும் ராத்திரி வாட்ஸப் வீடியோவில் பேசிவிடுவேன். இசிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதிவாகும் சிம்) வாங்குவதா, அங்கே போய் சிம் வாங்குவதா? பவர் பேங்க் எவ்வளவு பெரியது வேண்டும்? இந்த வயதில் அவர்களை விட்டுப் போவது தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

தவறில்லை, போய் வாருங்கள். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

நீண்ட நடைக்குக் கிளம்புகிறவர்கள் எழுதும் கடிதங்களில் எல்லாம் உங்கள் கேள்விதான்: என்ன சிம், என்ன சார்ஜர். எல்லாமே நடக்கிறவரின் பையில் இருப்பவை. மறுமுனையில் இருக்கும் போனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அந்த மாட்ரிட் பொய். இன்றே அதை விட்டுவிடுங்கள். மலைச்சரிவில் கால் முறிந்து நீங்கள் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் கிடந்தால், அப்பா எல்லோரிடமும் ‘பையன் மாட்ரிட்டில் ஓட்டலில் இருக்கிறான்’ என்பார். தேடுகிறவர்கள் பல நூறு கி.மீ. தள்ளித் தேடுவார்கள். அவர்களைப் பயத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, ஆபத்து வேளையில் உங்களுக்கு உதவக்கூடிய ஒரே தகவலை அவர்களிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறீர்கள். 81 வருஷம் வாழ்ந்த மனிதருக்கு மகன் நடக்கப் போகிறான் என்ற செய்தியைத் தாங்கத் தெரியும்.

அடுத்தது, ராத்திரி வீடியோ. செப்டம்பரில் ஸ்பெயினுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு ஒன்பது என்றால் கும்பகோணத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. சாயங்காலம் நான்கு மணிக்குக் கூப்பிடுங்கள். யாத்ரீகர் விடுதிக்கு வந்து, குளித்து, துணி துவைத்துப் போட்டிருப்பீர்கள். வீட்டில் மணி ஏழரை, சாப்பாட்டுக்கு முந்தின நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறைத் தாண்டினால் அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், வித்தியாசம் நான்கரை மணி ஆகிவிடும். ஐந்து நிமிஷம் பேசினால் போதும், ஆனால் நேரம் மாறக்கூடாது.

இனி நான் விடாமல் சொல்லப்போகும் விஷயம். ‘தினமும் பேசிவிடுவேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 35 நாளில் அது நிச்சயம் ஒரு நாளாவது உடையும். உடைகிற அன்று வீட்டில் இரண்டு பேர் விடிய விடிய விழித்திருப்பார்கள். கூப்பிட முடியாத நாளில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கிளம்புவதற்கு முன் பேசி முடித்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, போன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அதில் இருக்க வேண்டியது இதுதான். ஏழரைக்கு அழைப்பு வராவிட்டால் அது வெறும் தாமதம், சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். மறுநாள் நம் நேரம் மதியம் இரண்டுக்கு, அங்கே காலை பத்தரைக்கு, காபிக்கு உட்காரும்போது ஒரு செய்தி அனுப்புவீர்கள். அதுவும் வராமல் அன்றைய ஏழரை அழைப்பும் வராவிட்டால், அப்போதுதான் ஒருவர் செயலில் இறங்க வேண்டும். அந்த ஒருவர் அப்பா அல்ல. ஆங்கிலம் பேசத் தெரிந்த, பதறாத ஒரு தம்பியோ நண்பரோ. அவர் நீங்கள் கடைசியாகத் தங்கிய விடுதியைக் கூப்பிட்டு ‘காலையில் கிளம்பினாரா’ என்று கேட்பார். பதில் சரியில்லை என்றால் மாட்ரிட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தைக் கூப்பிடுவார். அதன் அவசர எண்ணையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். ஸ்பெயினில் ஆபத்துக்கு 112, நமக்கும் 112 தான். கும்பகோணத்திலிருந்து அதை அழுத்தினால் நம் ஊர்க் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். இதை அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாகத் தங்கிய விடுதி எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு விடுதியிலும் உங்கள் யாத்திரை அட்டையில் முத்திரை குத்தித் தேதி எழுதுவார்கள். விடுதியின் பெயர் அதில் இருக்கும், பலவற்றில் தொலைபேசி எண்ணும் இருக்கும். தினமும் அந்த முத்திரையை ஒரு படம் எடுத்து அப்பாவுக்கும் அந்தத் தம்பிக்கும் அனுப்புங்கள். நீங்கள் எடுக்கும் சூரியகாந்தி வயல் படங்களை எல்லாம் விட இது முக்கியம்.

அழைப்பு தவறுவதற்கான காரணங்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் நாளே பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரெனே மலையைக் கடக்கிறீர்கள். சுமார் 25 கி.மீ., கடல் மட்டத்திலிருந்து 170 மீட்டரில் தொடங்கி 1400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மூடுபனி இருக்கும். போன் பிரெஞ்சு சிக்னலுக்கும் ஸ்பானிஷ் சிக்னலுக்கும் இடையே அலைந்து சார்ஜைத் தீர்த்துவிடும். பயணத்தின் முதல் நாளே அழைப்பு வராமல் போக வாய்ப்பு அதிகம், வீட்டிலும் அன்றுதான் பதற்றம் அதிகம். பிறகு கர்ரியோன் என்ற ஊரைத் தாண்டினால் 17 கி.மீ. தூரத்துக்கு ஒரு ஊர்கூடக் கிடையாது. சாதாரண நாளில்கூட விடுதி வைஃபையில் அறுபது பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேச முயல்வார்கள். முப்பது கி.மீ. நடந்துவிட்டு இரண்டு மணிக்குப் படுத்தால் ஏழு மணிக்குத்தான் முழிப்பு வரும். இவை அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அவர் மனம் விபத்துக்குத் தாவாது.

இப்போது அவர்கள் போன். அப்பாவின் ரீசார்ஜ் 28 நாள் திட்டமா? உங்கள் நடை 35 நாள். நீங்கள் நடந்து முடிப்பதற்குள் வீட்டில் டேட்டா நின்றுவிடும், அவருக்குக் காரணம் புரியாது. 84 நாள் திட்டம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், உங்கள் நம்பருக்கும் சேர்த்து. பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு சில ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸப்பைப் பின்னணியில் நிறுத்திவிடும், மணியே அடிக்காது. அமைப்புகளில் வாட்ஸப்புக்கு மட்டும் அந்தத் தடையை எடுத்துவிடுங்கள். வயதான காது முதலில் இழப்பது கீச்சுக் குரலை, ஆகவே கனத்த, நீளமான மணியோசை வையுங்கள். வீட்டில் பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் இருந்தால் வெட்டிவிடாதீர்கள், கரண்ட் போனாலும் அது பேசும்.

சிம்: இசிம், உங்கள் இந்திய சிம் இரண்டும் வேண்டும், அங்கே போய் வாங்க வேண்டாம். டேட்டாவுக்கு இசிம் போதும், ஆனால் டேட்டா மட்டும் உள்ள இசிமில் அழைப்பு எண் இருக்காது. உங்கள் இந்திய சிம்மைப் போனிலேயே அதன் இடத்தில் அப்படியே விட்டு வையுங்கள். ரோமிங் இயங்க வேண்டும், ஒரு சிறிய அழைப்பு பேக் போட வேண்டும், அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைக்க வேண்டும். வங்கி ஓடிபி அதில்தான் வரும். அதைவிடப் பெரிய காரணம், அப்பா வழக்கமான பத்து எண்ணையே அழுத்தினால் போதும். அவருக்கு ஐஎஸ்டி வேண்டாம், 34 இல் தொடங்கும் புது எண் வேண்டாம். வெளிநாட்டு எண்ணை எடுக்காதே என்று எல்லோரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அது நல்ல அறிவுரைதான். ‘உங்கள் மகனுக்கு விபத்து, பணம் அனுப்புங்கள்’ என்று ஒருவன் கூப்பிட்டால் கேட்பதற்குக் குடும்பத்துக்கு மட்டும் பதில் தெரிந்த ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். குரல் உங்களுடையது போலவே இருந்தாலும் அதைக் கேட்டாக வேண்டும்.

ஒன்றை நீங்கள் யோசிக்கவே இல்லை: அவர்களுக்கு ஏதாவது ஆனால்? விடுதியில் விளக்கு அணையும் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை என்றால் நமக்கு இரவு ஒன்றரை முதல் காலை ஒன்பதரை. விடியற்காலையில் அம்மா வழுக்கி விழுந்தால் உங்கள் போன் மௌனத்தில் இருக்கும். ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பில் ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து வரும் அழைப்பை அனுமதிக்கும் வசதியை இயக்குங்கள். ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கும். அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூங்கட்டும். வாட்ஸப் அழைப்பில் இதை நம்ப முடியாது, சாதாரண அழைப்பாக இருக்க வேண்டும். ‘அவசரம் என்றால் உடனே இரண்டு தடவை கூப்பிடுங்கள் அப்பா’ என்று சொல்லி, கிளம்புமுன் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். உடனே ஓடிவர, வீட்டுச் சாவியோடு பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

போன் தொலைந்தால்? யாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் அப்பா நம்பரைப் பேனாவால் எழுதுங்கள், முன்னால் 0091 போட்டு. விடுதிக்காரர் தன் போனைத் தருவார்.

பவர் பேங்க் 10,000 எம்ஏஎச் போதும், விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். நடக்கும்போது போனை ஃப்ளைட் மோடில் வைத்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், சார்ஜ் நாள் முழுக்க நிற்கும். ஊர்களைத் தாண்டும்போதும் காபி நேரத்திலும் அதை எடுத்துவிட்டு வீட்டிலிருந்து செய்தி ஏதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அன்புடன்.