19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலக் கிராமங்களில் ஒரு கொலை நடந்தால் யார் விசாரித்தார்கள்? அந்த ஆவணங்களை நம்பலாமா?

போலீஸ் ஸ்டேஷனே இல்லாத ஊர்களில் ஒரு பிணம் கிடந்தால் என்ன செய்திருப்பார்கள், எழுதி வைத்ததை இன்று எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி. முதல் பாதிக்குப் பதில் எளிது: கரோனர், அதாவது திடீர்ச் சாவுகளை விசாரிக்கும் உள்ளூர் அதிகாரி. இரண்டாவது பாதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஜார்ஜியா மாநிலம் ஆகஸ்டாவில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். ஊரை ஒட்டி ஓடும் சவானா ஆற்றைத் தாண்டினால் தென் கரோலினா. அங்கிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் எட்ஜ்ஃபீல்டு என்ற சின்ன ஊர். ஒரு சனிக்கிழமை சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போனேன். நடுவில் சதுக்கம், உயரமான படிக்கட்டு வைத்த பழைய கோர்ட் கட்டடம். அவ்வளவு அமைதியான ஊருக்கு 'ரத்த எட்ஜ்ஃபீல்டு' என்று பெயர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 1856 மே மாதம் வாஷிங்டனில் செனட் சபைக்குள்ளேயே, அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சார்ல்ஸ் சம்னரைக் கைத்தடியால் மயங்கி விழும்வரை அடித்த மக்களவை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் இந்த ஊர்க்காரர். அவருக்கு நீதிமன்றம் விதித்தது 300 டாலர் அபராதம். பதவியை அவரே ராஜினாமா செய்தார், தொகுதி மக்கள் மறுபடியும் அவரையே அனுப்பினார்கள், பாராட்டுக் கடிதங்களோடு புதுக் கைத்தடிகளும் வந்து குவிந்தன. மானத்துக்காக அடிப்பது ஆண்மை என்று நினைத்த சமூகம் அது. தேர்தல் நாள், கோர்ட் கூடும் நாள், எல்லார் கையிலும் விஸ்கி, இடுப்பில் கத்தி அல்லது துப்பாக்கி. ஒரு வார்த்தை தடித்தால் ஒருவர் விழுவார்.

அப்படி விழுந்தால் கரோனருக்கு ஆள் போகும். கரோனர் டாக்டர் கிடையாது, விவசாயியாகவோ கடைக்காரராகவோ இருப்பார். பதவி 1194இல் இங்கிலாந்தில் தோன்றியது. அரசருக்குச் சேரவேண்டிய வருமானத்தைக் காப்பதுதான் ஆரம்பத்தில் அதன் முக்கிய வேலை. குடியேறியவர்களோடு அது அமெரிக்காவுக்கும் போனது. இலங்கையில் இன்றும் இருக்கும் திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற பதவியும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

கரோனர் அக்கம்பக்கத்து ஆண்களைக் கூட்டி ஜூரியாகச் சத்தியம் செய்ய வைப்பார். விசாரணை பிணத்தின் முன்னால்தான் நடக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே பருத்திக் காட்டிலோ, வீட்டுத் திண்ணையிலோ, ஆற்றங்கரையிலோ, உடல் எங்கே கிடக்கிறதோ அங்கேயே எல்லாரும் நிற்பார்கள். புதைத்திருந்தால் தோண்டி எடுப்பார்கள். டாக்டர் கிடைத்தால் காயத்தைப் பார்த்துச் சொல்வார். சாட்சிகள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்வார், எழுதத் தெரியாதவர்கள் கீழே ஒரு சிலுவைக் குறி போடுவார்கள். கடைசியில் ஜூரிகள் தீர்ப்பில் கையெழுத்திடுவார்கள். இவர் இப்படிச் செத்தார், இன்னார் கையால் செத்தார் என்பதோடு அது முடிந்துவிடும். தண்டனை கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, அது வேறு கோர்ட்டின் வேலை.

தீர்ப்பின் மொழி பல நூறு வருடத்து வாய்பாடு. கொலையாளி 'கடவுள் பயம் இல்லாமல், சாத்தானின் தூண்டுதலால்' குத்தினார் என்று இருக்கும். காயம் எத்தனை அங்குல அகலம், எத்தனை அங்குல ஆழம் என்று இருக்கும். கத்தியின் விலைகூட எழுதப்பட்டிருக்கும்! ஏனென்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. உயிரை எடுத்த பொருள் அரசருக்குச் சொந்தம் என்று பழைய இங்கிலாந்தில் ஒரு வழக்கம் இருந்ததால் அதன் பெறுமானத்தைக் குறிக்கவேண்டியிருந்தது. அரசரே இல்லாத தென் கரோலினாவில் அரசருக்கான கணக்கு மட்டும் மிச்சமிருந்திருக்கிறது. காரணம் தெரியாத சாவுகளுக்கு 'ஆண்டவன் செயலால்' என்று எழுதி முடித்தார்கள்.

ஒரு தப்பான எண்ணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த விசாரணைக் காகிதக் கட்டுகள் முழுக்கக் கொலைகள் அல்ல. அடுப்பங்கரை நெருப்பில் பாவாடை பற்றிய குழந்தைகள், ஆற்றில் மூழ்கியவர்கள், குடித்தே செத்தவர்கள், மின்னல், தூக்கு, பிறந்த அன்றே புதைக்கப்பட்ட சிசுக்கள் என்று எல்லாம் உண்டு. தென் கரோலினாவின் சில கவுண்டிகளுடைய (நம் மாவட்டம் மாதிரி) இந்தக் காகிதங்களை ஜார்ஜியா பல்கலைக்கழக வரலாற்று ஆய்வாளர்கள் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். வரிசையாகப் படித்தால் மனசு கனத்துவிடும். ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

சரி, நம்பலாமா?

தீர்ப்பை நம்பாதீர்கள், வாக்குமூலத்தைப் படியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தீர்ப்பு என்பது பன்னிரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள முடிந்த ஒரு வாக்கியம். அவர்கள் நாளைக்கும் அதே தேவாலயத்துக்குப் போகவேண்டும், அதே ஆலையில் பருத்தி அரைக்கவேண்டும். வாக்குமூலத்தில் அந்த ஜாக்கிரதை குறைவு. சத்தம் கேட்டபோது தான் என்ன செய்துகொண்டிருந்தேன், யார் முதலில் ஓடிவந்தார், இரவு சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சாட்சி தன் போக்கில் சொல்லிக்கொண்டே போவார். யாரும் கேட்காத உண்மையும் அப்படிப் போகிற போக்கில் வெளியே வந்துவிடும்.

அடிமை முறை இருந்த காலத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. தென் கரோலினாவின் 1740ஆம் வருடச் சட்டப்படி ஓர் அடிமையை வேண்டுமென்றே கொன்ற வெள்ளையருக்கு 700 பவுண்டு அபராதம். ஆத்திரத்திலோ, தண்டிக்கும்போது எல்லை மீறியோ கொன்றால் 350 பவுண்டு. வேறு வெள்ளையர் யாரும் பார்த்திருக்காவிட்டால், நான் செய்யவில்லை என்று எஜமானர் சத்தியம் செய்து தப்பிக்கவும் வழி இருந்தது. கொலைக்கு மரண தண்டனை என்று மாறியது 1821இல்தான். அப்போதும் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் கோர்ட்டில் சாட்சி சொல்ல முடியாது. பண்ணையில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டால் பார்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள்தான், சட்டத்துக்கு அவர்கள் வாயில்லாதவர்கள். ஆனால் சவுக்குத் தழும்புகளை மறைக்க முடியாது. ஜூரி உடலைப் பார்த்தாகவேண்டும், பார்த்ததை எழுதியாகவேண்டும். ஆகவே தீர்ப்பில் ஒன்றுமில்லாத காகிதத்திலும் முதுகு எப்படி இருந்தது என்று ஒரு வரி இருக்கும். என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பழைய சட்டத்துக்கு நன்றி சொல்லவேண்டும்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1868இல் புது அரசமைப்பு வந்தபோது கறுப்பர்கள் ஓட்டுப் போட்டார்கள், ஜூரியில் உட்கார்ந்தார்கள், அதிகாரிகளும் ஆனார்கள். அப்போது இந்த விசாரணைக்கு எவ்வளவு பலம் வந்தது, எவ்வளவு வேகமாக அது பறிக்கப்பட்டது என்பதற்கு ஹாம்பர்க்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஹாம்பர்க் ஆகஸ்டாவுக்கு நேர் எதிர்க்கரையில் இருந்த ஊர். 1871 வரை எட்ஜ்ஃபீல்டைச் சேர்ந்தது, அதன்பின் புதிதாக உண்டான ஐக்கன் கவுண்டிக்குப் போனது. போருக்குப் பிறகு பெரும்பாலும் கறுப்பர்கள் வாழ்ந்த ஊர் அது. 1876 ஜூலை 4 அன்று மாநில அரசின் கீழிருந்த ஊர்க் கறுப்பர் படை தெருவில் அணிவகுத்தபோது, வண்டியில் வந்த இரண்டு வெள்ளையர்கள் வழி விடச் சொன்னார்கள். வாய்த்தகராறுக்குப் பின் வழி விடப்பட்டது. ஆனாலும் வழக்குப் போட்டார்கள். 8ஆம் தேதி விசாரணைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் ஆயுதங்களோடு வந்து, படை துப்பாக்கிகளை ஒப்படைக்கவேண்டும் என்றார்கள். அவர்கள் மறுத்து ஆயுதக் கட்டடத்துக்குள் போனார்கள். ஆகஸ்டாவிலிருந்து பீரங்கி வந்தது. சண்டையில் வெள்ளை இளைஞர் ஒருவர் செத்தார். ஊர்க் காவல் அதிகாரி ஜேம்ஸ் குக்கும் கொல்லப்பட்டார். அன்று இரவு, பிடிபட்டவர்களிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சுட்டார்கள்.

அந்த ஊர் நீதிபதி பிரின்ஸ் ரிவர்ஸ். அடிமையாக வண்டி ஓட்டியவர், போரில் வடக்குப் படைக்குத் தப்பி ஓடி சார்ஜென்ட் ஆனவர், 1868 அரசமைப்பு மாநாட்டில் உட்கார்ந்தவர். கரோனர் பொறுப்பையும் அவரே ஏற்று விசாரணை நடத்தினார். கொன்றவர்கள் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அந்த ஜூரி எண்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர்களைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டியது. அந்த ஊரில் அந்த வாரத்தில் அதைச் செய்வதற்கு என்ன தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்! ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்த வருடத் தேர்தலோடு ஆட்சி மாறியது, வழக்கு கிடப்பில் போனது. கொலைகாரக் கும்பலில் இருந்த பென் டில்மன் 1890இல் மாநில ஆளுநரானார், பிறகு சாகும்வரை செனட்டர். ரிவர்ஸ் மறுபடியும் வண்டியோட்டியாகி 1887இல் இறந்தார்.

அதற்குப் பிந்தைய வருடங்களின் கும்பல் கொலைகளில் ஒரே தீர்ப்பு திரும்பத் திரும்ப வரும்: 'அடையாளம் தெரியாத நபர்களால்'. நம் பத்திரிகைகள் சொல்லும் மர்ம நபர்கள்தான். பட்டப்பகலில், ஊரே கூடி நின்று பார்த்த கொலைக்கும் இதே தீர்ப்பு. அந்த வரியைப் பார்த்தால் கொன்றவர்களை யாருக்கும் தெரியாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எல்லாருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாம்பர்க் இப்போது இல்லை. 1929 வெள்ளத்துக்குப் பிறகு மிச்சமிருந்தவர்களும் மேட்டு நிலத்துக்குக் குடிபோனார்கள். பக்கத்து ஊரான நார்த் ஆகஸ்டா பூங்காவில் 1916இல் நட்ட ஒரு கல்தூண் நிற்கிறது, செத்துப்போன அந்த வெள்ளை இளைஞருக்காக. மற்றவர்களின் பெயர்களைத் தாங்கிய கல் 2016இல்தான் வந்தது. ரிவர்ஸின் விசாரணைக் காகிதங்களில் அந்தப் பெயர்கள் 1876 ஜூலையிலேயே எழுதப்பட்டிருந்தன.