"ஃபேன் ஏழு இருக்கு, சூடு குறையலியே அண்ணே"

கம்ப்யூட்டர் சிஸ்டத்தின் சூடு, சத்தம் இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று காலையில் சொன்னேன். அதற்குள் பிரிண்டர், வைஃபை என்று நாலு பேர் ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களுக்கு இன்னொரு நாள். நாகர்கோவிலில் இத்தனை வருஷம் சிஸ்டம் பூட்டியும் கழற்றியும் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து: ஏழு ஃபேன், எல்லாம் கலர் லைட்டோட போட்டிருக்கேன் அண்ணே. கேம் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரி போகுது. இன்னும் ஒண்ணு போடலாமா?

வேண்டாம் தம்பி. நீ அனுப்பின படத்தைப் பார்த்தேன். முன்னால் மூன்று ஃபேனும் முழுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன, காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல்கூடப் போகாத இடுக்குதான். ஆரல்வாய்மொழியில் மலை விலகி வழி விட்டிருப்பதால்தான் அங்கே அத்தனை காற்று, வழியை அடைத்துவிட்டு முப்பந்தலில் எத்தனை காற்றாலை நட்டு என்ன பயன்? பக்கத்துக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேமை இருபது நிமிஷம் ஆடிப் பார். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை ஃபேனில் இல்லை, வழியில்.

இன்னொன்று. உன் பின்பக்க ஃபேனில் மோட்டாரைத் தாங்குகிற நாலு கை உள்ளே பார்த்து இருக்கிறது. சாதாரண ஃபேனில் காற்று அந்தக் கைப் பக்கமாகத்தான் வெளியேறும், ஆகவே அது சுவரோரச் சூட்டை மறுபடி உள்ளே இழுக்கிறது என்று நினைக்கிறேன். லைட் அழகாகத் தெரிய வேண்டும் என்று இப்போது ரிவர்ஸ் பிளேடு ஃபேனும் விற்கிறார்கள், அதில் கணக்கு தலைகீழ். சந்தேகம் தீர ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பின்னால் பிடி, புகை எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்.

மார்த்தாண்டத்திலிருந்து: ஸ்டூடியோ வைத்திருக்கிறேன் சார், ரைசன் 7 7700எக்ஸ். கல்யாண வீடியோ ரெண்டர் போட்டால் 95 டிகிரியில் நிற்கிறது. எரிந்து போகுமா?

போகாது. அந்த வரிசை ப்ராசஸர்கள் முழுச் சுமையில் 95 வரை ஏறி, அதற்கு மேல் போகாமல் தம் வேகத்தைத் தாமே அடக்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. உங்களுக்கு உண்மையான தொல்லை சத்தமாகத்தான் இருக்கும். பயாஸில் (சிஸ்டத்தின் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) மின்சாரத்தைக் குறைத்து எடுக்கச் சொல்லும் ஈகோ மோடை 65 வாட் என்று வைத்துப் பாருங்கள். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், சூடும் இரைச்சலும் நன்றாகவே இறங்கும். யூடியூபில் வரும் டெஸ்டோடு ஒப்பிட்டுக் கவலைப்படவும் வேண்டாம், ஏசி அறையில் 23 டிகிரியில் எடுத்த அளவு நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில், 33 டிகிரி அறையில் எப்படி வரும்? அறையில் பத்து ஏறினால் கேபினட்டுக்குள்ளும் ஏறக்குறைய பத்து ஏறும்.

குளச்சலிலிருந்து: வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரோடுதான். ஸ்க்ரூ எல்லாம் துரு, தூசி ப்ளோயருக்கும் அசையவில்லை.

உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பட்ட தூசி பசைபோல ஒட்டிக்கொள்ளும். முதலில் சிஸ்டத்தை மேற்கு ஜன்னல் பக்கமிருந்து நகர்த்துங்கள். உள்ளே இழுக்கும் ஃபேன் வெளியேற்றும் ஃபேனைவிடச் சற்றுக் கூடுதலாக ஓடட்டும். அப்போது காற்று ஃபில்டர் வழியாக மட்டும் வரும், தூசியைத் தட்டிக் கழுவ ஒரே இடம் போதும். ஒட்டிய தூசியை மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் கிளப்பிவிட்டு அப்புறம் ப்ளோயர் பிடியுங்கள், அப்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அது விமானம் மாதிரிச் சுற்றினால் பேரிங் போய்விடும். மழை மாதங்களில் வாரக்கணக்கில் மூடி வைக்காமல் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: ராத்திரி வேலை எனக்கு. பிரௌசரைத் திறந்தால் ஃபேன் சத்தம் 'ஊய்ங்' என்று ஏறி உடனே இறங்குகிறது அண்ணா, பக்கத்தில் குழந்தை தூங்குகிறது.

ஒரே சீராக வரும் சத்தத்துக்குக் காது பழகிவிடும் தங்கச்சி, ஏறி இறங்குவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். ப்ராசஸர் ஒரு நொடியில் 45இலிருந்து 65 போய்த் திரும்பும், ஃபேனும் அதன் பின்னாலேயே ஓடுகிறது. பயாஸில் ஃபேன் கர்வை (எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு) எடுத்து 60 டிகிரி வரை ஒரே மட்டமாகப் போட்டு, அதற்கு மேல் சரிவாக ஏற்றுங்கள். 'ஸ்டெப் அப்' என்றோ 'டிலே' என்றோ ஒன்று இருக்கும், அதை நாலைந்து நொடி வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அங்கேயே ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையை, வயர் முனையில் மூன்று பின் உள்ள ஃபேன் என்றால் டிசி, நாலு பின் என்றால் பிடபிள்யூஎம் என்று மாற்ற மறக்காதீர்கள், தவறாக இருந்தால் மூன்று பின் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில்தான் கத்தும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் விழும், அதனால்தான் இடமிருந்தால் 120க்குப் பதில் 140 மில்லிமீட்டர் ஃபேனை மெதுவாக ஓட்டச் சொல்கிறேன்.

குலசேகரத்திலிருந்து: கூலர் ஃபேன் 'கிர்ர்'ங்குது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா?

தலைக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள், ஃபேனுக்கு வேண்டாம். நானும் ஆரம்பத்தில் விட்டவன்தான், கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து அரக்காகி இறக்கையே நின்றது, ப்ராசஸர் சூட்டில் சிஸ்டம் தானாக அணைந்தபோதுதான் தெரிந்தது. வயர் ஏதும் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பேரிங் தேய்ந்துவிட்டது, புது ஃபேன் வாங்குங்கள்.

இரணியலிலிருந்து: சிபியு பெட்டி மேசைக்குள் கதவு வைத்த அறையில் இருக்கிறது.

கதவையும் பின் பலகையையும் கழற்றுங்கள். ப்ராசஸர் மேல் தடவும் பேஸ்ட், புது கூலர் எல்லாம் அதற்கு அப்புறம்.

மறுபடி தக்கலை: ஊதுபத்திப் புகை உள்ளேதான் போச்சு அண்ணே. முன் கண்ணாடியையும் எடுத்துப் பார்த்தேன், இப்ப 76.

ஃபேனைத் திருப்பிப் பூட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். கண்ணாடிக்குப் பதில் அந்த மாடலுக்கு மெஷ் முகப்பு கிடைக்கிறதா என்று விசாரி. கிடைக்கவில்லை என்றால் கண்ணாடியை ஒரு விரல் தள்ளி நிற்கிற மாதிரி நீள ஸ்க்ரூ போட்டுத் தருகிறேன், கடைக்கு எடுத்து வா.