ஆப்பிரிக்க மரச்சிற்பம்: அசலா, விலை என்ன? (கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, லண்டனில் ஒரு சாரிட்டி கடையில் 12 பவுண்டுக்குக் கருப்புச் சிற்பம் ஒன்று வாங்கினேன். ஒன்றரை அடி உயரம். ஆள் மேல் ஆளாகப் பலர் பின்னிக்கொண்டு நிற்கிறார்கள். கருங்காலி என்று சீட்டில் எழுதியிருந்தது. உண்மையா?

பதில்: நல்ல பொருள் கிடைத்திருக்கிறது தம்பி. இது மக்கொண்டே பாணி. தான்சானியாவின் தெற்கிலும் மொசாம்பிக்கின் வடக்கிலும் வாழும் மக்கள் அவர்கள். இப்படிக் குடும்பமே கோபுரமாக எழும் வகைக்கு ‘உஜமா’ என்று பெயர். கண்ணும் கையும் இடம் மாறிக் கோணலாக நிற்கும் ஆவி உருவங்கள் என்றால் ‘ஷெட்டானி’.

மரம் பெரும்பாலும் கருங்காலியாக இருக்காது, ம்பிங்கோவாக இருக்கும். நம் ஈட்டி மரத்தின் பங்காளி அது. கிளாரினெட் செய்வதும் அதில்தான். தூக்கினாலே எடை தெரியும், தண்ணீரில் மூழ்குகிற மரம். இப்போது சிற்பத்தைக் கவிழ்த்து அடியை வெயிலில் பாருங்கள். ம்பிங்கோவின் வைரம், அதாவது உள்கட்டை, சுத்தக் கருப்பு அல்ல. கரும்பழுப்பும் கத்தரிப்பூ நிறமும் ரேகையாக ஓடும். ஓரத்தில் மஞ்சளான வெளிக்கட்டை கொஞ்சம் விட்டிருந்தால் இன்னும் நம்பலாம்.

மலிவு மரத்தில் ஷூ பாலிஷ் பூசி விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு, அடியில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்ததுமே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். அசலுக்கும் மெருகுக்காகப் பாலிஷ் போடுவார்கள். கருப்பு போன இடத்தில் எந்த நிறம் வருகிறது என்பதே கேள்வி. வெளிறிப்போனால் சாயம்.

விலை? பெரும்பாலானவை சில பத்து பவுண்டுகள்தான். ஒரே கட்டையா, முகங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறா, உளி எளிதில் எட்டாத உள்பக்கத்திலும் வேலை முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் விற்காதீர்கள் என்பேன்.

கேள்வி: கென்யா ஒட்டகச்சிவிங்கி ஜோடி, மூன்றடி. 1960-களில் செய்தது என்கிறார்கள். 80 பவுண்டு கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கென்யாவின் காம்பா மக்களின் வேலை இது. முட்டிஸ்யா முங்கே என்பவர் முதல் உலகப்போர் சமயத்தில் இன்றைய தான்சானியாவின் சிற்பிகளிடம் இந்தத் தொழிலைக் கற்று ஊருக்குக் கொண்டுபோனார். பின்னாளில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஏராளமாகச் செய்தார்கள், அதனால் பழசு என்பதற்காக விலை ஏறுவதில்லை. பிடித்திருந்தால் பேரம் பேசி வாங்குங்கள்.

கேள்வி: முகமூடி ஒன்று, ‘நூறு வருடப் பழசு, சடங்கில் ஆடியது’ என்கிறார் விற்பவர். எப்படி நம்புவது?

பதில்: முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கப் படம் கேளுங்கள். ஆடிய முகமூடியில் நெற்றியும் கன்னமும் தாடையும் படும் இடங்கள் வியர்வையில் கறுத்து வழவழப்பாக இருக்கும். விளிம்புத் துளைகளில் கயிறு இழுத்து இழுத்து ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். உள்ளே ஒரே சீராகப் பழுப்புச் சாயமும், மேலே ஆணியில் மாட்டக் கம்பியும் இருந்தால் அது சுவர் அலங்காரம். கண்துளை வழியாக உங்களால் பார்க்க முடிகிறதா என்பதையும் சோதியுங்கள், எல்லா வகைக்கும் இது பொருந்தாது என்றாலும்.

இன்னொன்று, பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வழி. 2021-இல் பிரான்சில் ஒரு வயதான தம்பதி, பரண் சாமான்களோடு காபோன் நாட்டு ஃபாங் முகமூடி ஒன்றைப் பழைய பொருள் வியாபாரியிடம் 150 யூரோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2022 மார்ச்சில் மோன்பெலியே ஏலத்தில் அது 42 லட்சம் யூரோவுக்குப் போனது. வழக்குப் போட்டும் 2023-இல் அலெஸ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். அவ்வளவு விலை போனதற்கு அபூர்வமான வகை என்பது ஒரு காரணம். குடும்பத்தின் மூதாதை ஒருவர் ஆப்பிரிக்காவில் காலனி ஆளுநராக இருந்து, 1917 வாக்கில் பெற்றது என்ற வரலாறு இன்னொன்று. உங்கள் விற்பனையாளரிடம் பழைய ரசீது, கடிதம், புகைப்படம் ஏதாவது உண்டா? வெறும் வாய்வார்த்தைக்கு அலங்காரப் பொருளின் விலையே கொடுங்கள்.

கேள்வி: அப்பா 1970-களில் நைஜீரியாவில் ஆசிரியராக இருந்தார். விரல் உயரத்தில் படகோட்டி, உலக்கை குத்தும் பெண் என்று சின்ன உருவங்கள் கொண்டுவந்தார். வெளிர்மஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்பு என்று மூன்று நிறம். பெயின்ட்டா?

பதில்: பெயின்ட் இல்லை அம்மா, முள்! இலவ இனத்து மரங்களின் தண்டில் தடிப்பாக வளரும் முள்ளில் செதுக்கி ஒட்டியவை. நிறம் முள்ளுக்கே உரியது. ஓவோ ஊரைச் சேர்ந்த அகெரெடோலு 1930-களில் தொடங்கிவைத்த கலை, நைஜீரியாவின் யோருபா மக்களுடையது. பணமாகப் பெரிதாக வராது, ஆனால் எனக்கு மிகப் பிடித்த வகை. ஈரத்துணி படாமல், மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். பசை பழசாகியிருக்கும். அப்பா எந்த ஊரில், எந்த வருடம் வாங்கினார் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: சிற்பத்தில் சிறு ஓட்டைகள். பூச்சியா?

பதில்: கருப்புத் தாள் மேல் இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். வெளிர்நிற மாவு கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது. பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு, அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைப் பிரிக்க வேண்டாம். வெடிப்போ பெயின்ட்டோ உள்ளதை ஃப்ரீசரில் வைக்காமல் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.