இரண்டு பேர் ஏறும் நீர்நில விமானம் வாங்கலாமா?

கேள்வி: ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கிறேன். வயது 51. தனியார் விமானி உரிமம் எடுத்து ஆறு வருடமாக வாடகை செஸ்னா 172 ஓட்டுகிறேன். தண்ணீரிலும் தரையிலும் இறங்குகிற, இரண்டு இருக்கை லைட் ஸ்போர்ட் (எடை குறைந்த பொழுதுபோக்கு வகை) விமானம் ஒன்று வாங்க ஆசை. ஐகான் ஏ5, சீரே இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். வார இறுதியில் மனைவியோடு ஏரிகளில் இறங்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தெற்குக் கோடித் தீவான கீ வெஸ்ட் போய்வர வேண்டும். விமானம் நிறுத்தும் ஹேங்கருக்கு வாடகை இல்லாமல், இறக்கையை மடித்து வீட்டு கராஜிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்துவருமா?

பதில்: முதல் ஆசை தாராளமாக நடக்கும். கீ வெஸ்ட் இழுபறி. கராஜ் ஆசையை விளம்பரப் படத்தில் பார்த்து ரசிப்பதோடு விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

இந்த விமானங்களில் எந்தப் பேச்சும் கடைசியில் எடையில்தான் வந்து நிற்கும். 2004-இல் அமெரிக்க விமானத் துறை லைட் ஸ்போர்ட் வகையைக் கொண்டுவந்தபோது தரை விமானத்துக்கு 1320 பவுண்டு, நீர் விமானத்துக்கு 1430 பவுண்டு என்று உச்ச எடையை வரையறுத்தது. கூடுதலாகக் கொடுத்த அந்த 110 பவுண்டை, படகு போன்ற அடிவயிறும் சக்கரத்தை ஏற்றி இறக்கும் சாமான்களுமே தின்றுவிடும். ஐகான் நிறுவனம் எங்கள் விமானம் எளிதில் சுழன்று விழாதபடி கட்டியிருக்கிறோம், அதற்கே எடை பிடிக்கிறது என்று சொல்லி 2013-இல் விதிவிலக்கு வாங்கியது. அப்படி வந்த ஏ5-இன் முழு எடை 1510 பவுண்டு, சுமார் 685 கிலோ. வெறும் விமானமே 490 கிலோ. மிச்சமிருக்கும் 195 கிலோவுக்குள்தான் நீங்கள், மனைவி, பெட்ரோல், பை எல்லாம்.

கீ வெஸ்டுக்கே கணக்குப் போடுவோம். எடையை நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு 82, அவருக்கு 65 என்று வைத்துக்கொள்கிறேன். இருவரும் 147 கிலோ. ஆர்லாண்டோவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 445 கிலோமீட்டர். நிதானமாக 85 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 157 கிலோமீட்டரில் போனால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இதன் ரோட்டாக்ஸ் எஞ்சின் மணிக்கு 19 லிட்டர் குடிக்கிறது என்றால் 54 லிட்டர். சட்டம் கேட்கும் அரைமணி நேரக் கையிருப்பு இன்னொரு 10. ஆக 64 லிட்டர், எடையில் 46 கிலோ. கூட்டிப் பாருங்கள், 193 வருகிறது. உங்கள் பயண மூட்டைக்கு மிச்சம் இரண்டு கிலோ! நானாக இருந்தால் ஒரு மணி நேரக் கையிருப்பு இல்லாமல் கிளம்ப மாட்டேன். அப்படி ஊற்றினால் அந்த இரண்டு கிலோவும் போய், எடையும் மீறிவிடும். எதிர்காற்றை இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வழியில் ஓரிடத்தில் இறங்கி பெட்ரோல் போட்டால் பை ஏறும். சாலையில் ஆறேழு மணி நேரம் ஆகிற தூரம் என்பதால், அப்படிப் போனாலும் நேரம் மிச்சம்தான். ஆனால் இது பகல் வெளிச்சத்தில், தெளிந்த வானத்தில் மட்டும் ஓட்ட வேண்டிய விமானம். கோடை மாதங்களில் ஃபுளோரிடாவின் பிற்பகல் இடிமழை உங்களுக்குத் தெரியாததா? திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் காரில் போங்கள்.

சீரே துணி போர்த்திய இறக்கை, ஃபைபர் அடிவயிறு, வால் சக்கரம் என்று எளிமையான சாமான். பல சீரேக்கள் பாகங்களைத் தொகுப்பாக (கிட்) வாங்கி வீட்டில் கட்டியவை. அதனால் ஒன்றின் எடை இன்னொன்றுக்கு வராது. விற்பவர் காட்டும் தாளை நம்பாமல் தராசில் ஏற்றச் சொல்லுங்கள்.

உங்கள் செஸ்னா பழக்கம் இரண்டு இடத்தில் காலை வாரும். இந்த இரண்டு விமானங்களிலும் எஞ்சின் முதுகில், உயரத்தில் இருக்கிறது. செஸ்னாவில் பவர் கொடுத்தால் மூக்கு எழும்பும். இதில் மூக்கு தணியும். இறங்கும்போது தண்ணீரில் பட்டுத் துள்ளிவிட்டால், பதறி, பவர் கொடுக்கும் த்ராட்டிலைத் தள்ளுகிற கை மூக்கைத் தண்ணீரை நோக்கிக் குத்தவைக்கும். சில நாள் பழகினால் இது கைக்கு வந்துவிடும்.

சக்கர விஷயம் அப்படியல்ல, எத்தனை வருடம் ஓட்டினாலும் கூடவே வரும். சக்கரத்தை இறக்க மறந்து ஓடுதளத்தில் இறங்கினால் அடிவயிறு தேயும். ஒருமுறை நானே தேய்த்திருக்கிறேன். சுண்ணாம்புக்கட்டியைப் பலகையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரு நீண்ட அமைதி, பக்கத்தில் மாணவர். சக்கரத்தை ஏற்ற மறந்து தண்ணீரில் இறங்கினாலோ சக்கரம் நீரில் மாட்டி விமானம் குப்புறக் கவிழும். தலைகீழாக, தண்ணீருக்குள், பெல்ட்டோடு. எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் கருவி உண்டு, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் “இது தண்ணீர், சக்கரம் மேலே” என்று வாய்விட்டுச் சொல்லி, கண்ணால் பார்த்து, பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் மனைவிக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இதைத்தான்.

இப்போது கராஜ். ஏ5-இன் இறக்கை மடியும், டிரெய்லரில் இழுக்கலாம், படகுத் துறைச் சரிவில் இறக்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொரு தடவையும் விரித்து, பூட்டு விழுந்ததா என்று பார்த்து, நெரிசலான சரிவில் படகுக்காரர்களுக்கு நடுவே செய்ய வேண்டும் (முதலை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை). முதல் மாதம் ஜாலி, மூன்றாம் மாதம் ஹேங்கர் தேட ஆரம்பிப்பீர்கள். ஏரி ஓரம் வீடு இருந்தால் கதை வேறு.

எந்த ஏரியில் இறங்கலாம் என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். டோரா ஏரிக்கரையில் இருக்கும் டவாரெஸ், நீர் விமான நகரம் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிற ஊர், வரவேற்பார்கள். எல்லா ஏரியும் அப்படியில்லை. தேசியப் பூங்கா நீர்நிலைகளுக்குத் தனி விதிகள்.

விலை? ஆரம்பத்தில் 139,000 டாலர் என்று பேசப்பட்ட ஏ5, 2017-இல் எல்லா வசதியோடும் 389,000-ஐத் தொட்டது. 2024-இல் நிறுவனம் திவால் மனு போட்டு வேறு கைக்கு மாறியது. உதிரிப் பாகத்தை நினைத்தால் எனக்கு இது சின்ன விஷயமல்ல. தவிர, 2025-இல் வந்த புது விதி, எடைக்குப் பதில் ஸ்டால் வேகத்தை, அதாவது எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தாங்காதோ அதை, அளவுகோலாக்கிவிட்டது. இன்னும் சுமை தாங்குகிற விமானங்கள் அந்த வழியில் வரக்கூடும். ஆகவே புதிது வாங்க அவசரப்படாதீர்கள்.

முதலில் வின்டர் ஹேவனில் ஜாக் பிரவுன் தளம் போன்ற இடத்தில் நீர் விமானத் தகுதியை எடுங்கள். உங்கள் உரிமத்தோடு சேர்ப்பதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது, இரண்டு மூன்று நாள் வேலை. கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீரில் உயரமே தெரியாமல் இறங்குவது எப்படியிருக்கும் என்று அங்கே பார்த்துவிடுவீர்கள். அங்கே ஓட்டுவது அடியில் மிதவை பொருத்திய விமானம் என்பதால், பிறகு வாங்கப்போகும் வகையிலேயே தனியாகப் பத்துப் பதினைந்து மணி நேரம் பயிற்சி எடுங்கள். காப்பீட்டுக்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால், நண்பர் ஒருவரோடு பங்கு சேர்ந்து பழைய சீரே பாருங்கள். உப்புத் தண்ணீரில் இறங்கிய விமானமா என்று விற்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் “எப்போதாவது” என்பார்கள். சக்கரத்தைக் கழற்றச் சொல்லி பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைகிற மாதிரி இருந்தாலோ, கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பிரேக் தட்டு, சக்கரக் கால் போல்ட்டுகளின் தலை, அடிவயிற்றில் தண்ணீர் இறைக்கும் பம்பின் வயர் முனை, இவற்றிலும் விரல் வைத்துப் பாருங்கள். விலை பேசுவது அதற்கப்புறம்.