நுரைப்பூச்சிக்கு அஞ்சிக் களைகளைக் கருக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் வெருலத்தில் காய்கறி பயிரிட்ட குடும்பம் எங்களுடையது, இப்போது கேப் பகுதியின் பார்ல் அருகே ஆலிவ் தோட்டம் பார்த்துவருகிறேன். களைகளில் எச்சில் போன்ற நுரை காணப்படுகிறது. மரத்திலோ இலைகள் மஞ்சள் புள்ளி விழுந்து உதிர்கின்றன. இத்தாலியில் ஆலிவை அழித்த நோயாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன். களைகள் அனைத்தையும் களைக்கொல்லியால் கருக்கிவிட்டு, மரத்துக்குப் பைரித்ராய்டு என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளிக்கும்படி மருந்துக் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ஐயா, வேண்டாம். உதிரும் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் கருநிற எச்சப் புள்ளிகளும், வலை போன்ற இறக்கையுடைய தட்டையான சிறு பூச்சிகளும் இருந்தால், அது ஆலிவ் வலைப்பூச்சி. அதன் இயற்கை இருப்பிடம் இந்நாட்டுக் காட்டு ஆலிவ் மரம். களைகளைக் கருக்குவதால் அதன் எண்ணிக்கை குறையாது. இலையின் அடிப்புறம் நனையும்படி, ஆலிவுக்குப் பதிவான மருந்தை, பூச்சி கண்ட மரங்களுக்கு மட்டும் தெளித்தால் போதும்.

நுரையைப் பற்றித் தாங்கள் கேட்டிருக்க வேண்டியது, எந்தக் களையை எப்போது வெட்டுவது என்பதே. தென் இத்தாலியின் சலெந்தோ பகுதியில் 2013இல் கண்டறியப்பட்ட, தாங்கள் அஞ்சும் நோயை உண்டாக்கும் சைலெல்லா பாக்டீரியாவை மரத்துக்கு மரம் பரப்புவது, அங்குள்ள புல்வெளி நுரைப்பூச்சி. நுரைக்குள் மறைந்திருக்கும் அதன் இளம்பூச்சிகள் சோன்கஸ் போன்ற சூரியகாந்திக் குடும்பச் செடிகளிலும், பயறு, கேரட் குடும்பக் களைகளிலும் மிகுதியாக வளர்கின்றன. புல்லை விரும்புவது அதன் உறவினமான வேறொரு நுரைப்பூச்சி. இறக்கை முளைக்காத இளம்பூச்சியால் மரத்துக்குப் பறக்க முடியாது. பாக்டீரியாவை உறிஞ்சியிருந்தாலும், தோலுரிக்கும்போது அதை இழந்துவிடுகிறது. ஆகவே, நுரை தெரியும் நாள்களிலேயே அகன்ற இலைக் களைகளைத் தரையொட்டி வெட்டிவிட்டால், அவை காயும்போது இளம்பூச்சிகளும் காய்ந்து மடியும். இறக்கை முளைத்தபின் வெட்டுவது, பூச்சியை நாமே மரத்துக்கு விரட்டுவதாகும். இத்தாலியில் இளவேனிற்காலத்திலேயே களையகற்றும்படி விதிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

நுரை இருப்பதாலேயே நோய் இருக்கிறது என்று பொருளில்லை. நம் நாட்டுக்கே உரிய நுரைப்பூச்சிகளும் உண்டு. இலைநுனி கருகிக் கிளை கிளையாகக் காய்ந்தால் மட்டும், தாமதியாமல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் துறையை அணுகுங்கள்.

கடைக்காரரின் யோசனை அவர் சரக்குக்குத்தான் நல்லது. தங்கள் தோட்டத்துக்கு அன்று. பைரித்ராய்டு, செதில்பூச்சியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொன்றுவிடும். பிறகு கருஞ்செதிலும் அதைத் தொடர்ந்து கரும்பூசணமும் பெருக, அதற்கும் அவரிடமே மருந்து வாங்க நேரும். மூடுசெடியற்ற சரிவு நிலமோ, கேப் பகுதியின் குளிர்கால மழையில் மேல்மண்ணை இழக்கும். ஆகவே, வேரோடு அழிக்காமல் வெட்டுங்கள், புல்லை விட்டுவையுங்கள், வெட்டியதை மரத்தடியிலேயே பரப்புங்கள்.