காணிக்கையை எண்ணுகிறோம், தலையை?

கேள்வி: இங்கிலாந்தில் வாலிபப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சர்ச்சுக்குத் திரும்புகிறார்கள் என்று எங்கள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பலாமா?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: கொஞ்சம் பொறுத்து நம்புங்கள். 2025 ஏப்ரலில் அங்குள்ள வேதாகமச் சங்கம் வெளியிட்ட அறிக்கையிலிருந்து கிளம்பியது அது. 'குவயட் ரிவைவல்' என்று பெயர், அதாவது அமைதியான எழுப்புதல், ஆர்ப்பாட்டமில்லாமல் விசுவாசம் மறுபடி உயிர் பெறுவது. (எழுப்புதல் என்றாலே நமக்கு மைதானமும் நாலு மூலையில் ஸ்பீக்கரும்தான் ஞாபகம் வரும், அவர்களுக்குச் சத்தமில்லாமலும் வரும் போல.) இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 முதல் 24 வயதுக்காரர்களில் மாதம் ஒரு முறையாவது சர்ச்சுக்குப் போகிறவர்கள் 2018-இல் நூற்றுக்கு 4 பேர், 2024-இல் 16 பேர் என்றது அந்த அறிக்கை. பையன்களை மட்டும் எடுத்தால் 21. ஆறே வருடத்தில் நாலு மடங்கு என்றால் யாருக்குத்தான் ஃபார்வர்டு செய்யக் கை வராது!

ஆனால் இது யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் இணையத்தில், தாங்களாகவே பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்களிடம் கேட்டு எடுத்த கணக்கு. வீட்டு முகவரிகளைக் குலுக்கிப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற ஆய்வு ஒன்று அங்கே பல வருடமாக நடக்கிறது, பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு என்பார்கள், அதில் இந்த ஏற்றத்தைக் காணோம். அப்புறம், இங்கிலாந்துத் திருச்சபை ஒவ்வொரு அக்டோபரிலும் ஆராதனைக்கு வருகிற தலைகளை எண்ணுகிறது. கோவிட்டுக்குப் பிறகு எண்ணிக்கை மெல்ல ஏறியிருக்கிறது, சரி, ஆனாலும் 2019-இல் இருந்ததை எட்டவில்லை. நாலு மடங்கு பிள்ளைகள் உள்ளே வந்திருந்தால் பெஞ்சு காட்டிக்கொடுத்திருக்காதா? எல்லாரும் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போயிருக்கலாமே, அது இந்தக் கணக்கில் வராதே என்று நீங்கள் மடக்கலாம். அதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்குப் பிரான்ஸ் கணக்கில்தான் அதிக நம்பிக்கை. 2025 ஈஸ்டருக்கு அங்கே கத்தோலிக்கக் கோயில்களில் ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் 10,384 பேர், முந்தைய வருடத்தைவிட 45 சதவீதம் அதிகம். அதில் நூற்றுக்கு 42 பேர் 18-25 வயதுக்காரர்கள். பெயரை எழுதி, பல மாதம் உபதேசம் கற்பித்து, தலையில் தண்ணீர் ஊற்றி எண்ணிய கணக்கு. அங்கே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சின்ன வயதில் பெறாதவர்கள்தானே வளர்ந்தபின் வந்து கேட்பார்கள்.

கேள்வி: அதெல்லாம் இருக்கட்டும், நம்ம வேலூரில் எப்படி?
- கல்லூரி மாணவர், சத்துவாச்சாரி

பதில்: 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். என்ன மதம் என்று கேட்டார்களே தவிர, ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. நம் சபைகளில் ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் உட்கார்ந்து காணிக்கையைச் சில்லறை வரை எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார்கள், வந்த தலையை எண்ண ஆளில்லை.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வேலூரில் சர்ச்சுக்கு வரும் இளைஞர்களில் பெரும்பங்கு ஹாஸ்டல் பிள்ளைகள். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்கள், நர்ஸிங் பிள்ளைகள், இன்ஜினியரிங் பிள்ளைகள் என்று கேரளா, மிசோரம், நாகாலாந்திலிருந்தெல்லாம் வந்தவர்கள். காலேஜ் திறந்தால் பெஞ்சு நிரம்பும், மே மாத வெயிலில் காலியாகும். உள்ளூர்ப் பிள்ளைகளோ படிப்பு முடிந்ததும் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் ஏறிவிடுகிறார்கள், அவர்கள் அங்கே ஏதோ ஒரு சபையில் உட்கார்ந்திருந்தாலும் இங்கே "இந்தக் காலத்துப் பசங்க கோயிலுக்கே வர்றதில்லை" என்றுதான் பேச்சு. ஆக, நிரம்பினால் எழுப்புதலும் இல்லை, காலியானால் பின்மாற்றமும், அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவதும், இல்லை. பாதி ரயில்வே டைம்டேபிள்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, கடைசிப் பெஞ்சில் ஐந்து பையன்கள், ஹெல்மெட்டுகள் காலடியில். கீர்த்தனை ஆரம்பித்ததும் ஒருவன் போனில் வரிகளைத் தேடினான். பக்கத்தில் இருந்த தாத்தா முறைப்பார் என்று எதிர்பார்த்தேன். பழுப்பு அட்டை போட்ட தன் பாட்டுப் புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தி, விரலால் வரியைக் காட்டினார். பையன் மலையாளி, தமிழ் படிக்கத் தெரியாது. சொல்ல மனசில்லாமல் தாத்தாவின் விரல் போகிற வேகத்துக்கு வாயசைத்துக்கொண்டே நாலு சரணத்தையும் முடித்தான். அடுத்த வாரமும் அதே இடத்தில் இருவரையும் பார்த்தேன். இதை எந்தக் கட்டத்தில் டிக் செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஞாயிறு காலை ஆராதனைக்கு எழுப்பினால் எழுந்திருக்க மாட்டான். முழு இரவு ஜெபம் என்றால் நண்பர்களோடு முதல் ஆளாகப் போய்க் கீபோர்டு வாசிக்கிறான். இது பக்தியா, ஜாலியா?
- ஒரு தாய், ஆம்பூர்

பதில்: இரண்டும்தான் அம்மா. அந்த வயதில் இரண்டையும் பிரிக்க அவனாலேயே முடியாது. அங்கே அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது, அவன் போகாவிட்டால் பாட்டு நின்றுவிடும். காலை ஆராதனையில் அவன் வராவிட்டால் உங்களைத் தவிர யார் தேடுவார்கள்?

எனக்கு இருபது வயதில் நான் போன சபையில் எங்களுக்குக் கொடுத்த வேலை நாற்காலி அடுக்குவதும் அசன விருந்தில் குழம்பு வாளி தூக்குவதும். அதில் குறையில்லை, சந்தோஷமாகவே தூக்கினோம். வருடக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க எழுந்தேன், "உட்காரு தம்பி" என்றார்கள். உட்கார்ந்தேன், அப்புறம் நாலு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொன்று, ராணிப்பேட்டையில் மிஷனரி வீட்டில் பிறந்த ஐடா ஸ்கடருக்கு மிஷனரி ஆகவே விருப்பமில்லை. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்கத்தான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கெஞ்சினார்கள், மூன்று பெண்களும் இறந்தார்கள். திரும்பிப் போய் மருத்துவம் படித்து வந்தவர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. அவரை மாற்றியது காலை ஆராதனை இல்லை. மகன் தூங்கட்டும் விடுங்கள், கீபோர்டு ஒயரை மட்டும் பிடுங்காதீர்கள்.

கேள்வி: சுற்றி வளைப்பானேன் சார், பசங்க சர்ச்சுக்கு வருவதே பொண்ணு பார்க்கத்தானே?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: என் அப்பா கொயரில் சேர்ந்தது அதற்குத்தான் என்று அம்மா சொல்வார். கல்யாணம் முடிந்து நாற்பது வருடமாகியும் டெனர் பாடிக்கொண்டுதான் இருந்தார். சுருதி மட்டும் கடைசிவரை சேரவில்லை.