தேறாத நாற்பது சேர்மங்கள்

அன்புள்ள ஐயா,

என் மகள் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். புற்றுநோய் மருந்துக்காகப் புதுச் சேர்மங்களைத் தயாரித்துச் சோதிக்கும் வேலை. மூன்று வருடத்தில் நாற்பது செய்தாயிற்று, ஒன்றும் தேறவில்லை என்று அழுகிறாள். லேபிலிருந்து வீடு திரும்ப ராத்திரி ஒன்பது மணி ஆகிறது. இத்தனை பாடும் வீண்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வீணே இல்லை. புற்றுச் செல்லைக் கொல்வது மட்டும் பெரிய காரியமல்ல, பினாயில் ஊற்றினாலும் சாகும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவிட வேண்டும், மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் சேர வேண்டும். பெரும்பாலான சேர்மங்கள் தோற்பது இங்கேதான்.

இமாட்டினிப் என்ற ரத்தப் புற்று மருந்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சிபா-கெய்கி நிறுவனத்தில் யுர்க் சிம்மர்மன் என்ற வேதியியலாளர் அதைச் செய்தார். கையிலிருந்த ஆரம்பச் சேர்மம், செல்லின் வேலைகளை நடத்தும் புரதங்களான நொதிகளில் வேண்டாத ஒன்றையும் சேர்த்துத் தடுத்தது. மூலக்கூறின் அணு வளையம் ஒன்றில், குறிப்பிட்ட இடத்தில், ஒரே ஒரு மெத்திலை ஒட்டினார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். மூலக்கூறு திரும்பி நிற்கும் விதமே மாறி, அந்த நொதியை அது தொடாமல் போயிற்று. பிறகு தண்ணீரில் சரியாகக் கரையாத சிக்கல். தண்ணீரில் கரைய உதவும் பைப்பரசின் என்ற வளையம் ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். மெத்திலை எங்கே ஒட்டுவது என்று காட்டிக்கொடுத்தவை, அதற்குமுன் செய்து ஒதுக்கிய சேர்மங்கள்.

1998-இல் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்று நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர் குழுவின் அந்த முதல் சோதனையில், தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆகவே தோற்ற நாற்பதின் சோதனை முடிவுகளையும் ஒளிக்காமல் ஆய்வேட்டில் எழுதச் சொல்லுங்கள். நன்றாக வந்த ஒன்றிரண்டை மட்டும் காட்டிவிட்டு மற்றதை அலமாரியில் பூட்டுவதை நான் குற்றமாகவே நினைக்கிறேன். அடுத்து வருகிறவர் அதே நாற்பதையும் திரும்பச் செய்வார்.

முடிந்தால் ஒரு நாள் மகளோடு லேபுக்குப் போய்வாருங்கள். உள்ளங்கை அகலத் தட்டில், செல்களும் சேர்மமும் இட்ட 96 குழிகள் இருக்கும். மஞ்சள் சாயம் விட்டுச் சில மணிநேரம் காத்திருப்பார்கள். செல் உயிரோடிருக்கும் குழி ஊதாவாகும், செத்த குழி மஞ்சளாகவே கிடக்கும். நல்ல செல் வரிசை ஊதாவாகவும் புற்றுச் செல் வரிசை மஞ்சளாகவும் நிற்கும் ஒரு தட்டுக்காகத்தான் உங்கள் மகள் ஒன்பது மணி வரை அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.